தையல்காரருக்குத் தந்த நிமிடங்கள்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அடுத்தவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிற ஆட்கள் உண்டு. இது சொந்தத் தலையில், மறைத்துக்கொள்ள ஒரு முடிகூட மிச்சமில்லாத தலையில், கை வைத்துச் செய்தது. எங்காவது ஒரு கமா கூடுதலாக விழுந்திருக்கலாம். பொய் கிடையாது.

பின்தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். ஊரில் அவரை 'நிதானம்' என்பார்கள். வேலையில் நிதானம் என்று நினைத்துவிடக் கூடாது. மிஷினில் கால் வைத்தால் சட்டை பறந்து வரும். பேச்சில்தான் நிதானம். அவருடைய ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஓர் ஆள் போய்க் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே திரும்பி வந்துவிடலாம். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "எல்லாம் நல்லா இருக்கு. அவசரம் மட்டும்தான் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒருமுறை கடைக்கு எதிரே பெயின்டர் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். நிதானம் வாசலுக்கு வந்து, "அண்ணே, அந்த…" என்று ஆரம்பித்தார். பெயின்டர் விழுந்தார், மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார், வீட்டில் படுத்துத் தேறினார், திரும்பி வந்து அதே ஏணியில் கால் வைத்தார். அப்போது, "…ஏணி ஆடுது" என்று வாக்கியம் முடிந்தது. பெயின்டர் காலை எடுத்துவிட்டார். "நல்ல நேரத்துல சொன்னீங்க, உயிரைக் காப்பாத்திட்டீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்.

அந்த மனிதருக்கு வாய்த்த மனைவிக்கு ஊர் வைத்த பெயர் 'எக்ஸ்பிரஸ்'. அவள் பேச்சில் மூச்சு விடுவதற்குக்கூட ஸ்டாப்பிங் கிடையாது. கல்யாணப் பேச்சு நடந்த நாளில் அவர், "உங்களைப் பத்தி நான் என்ன நெனைக்கிறேன்னா…" என்று தொடங்கியிருக்கிறார். அவள் தேநீர் ஆறும் வரை பொறுத்துப் பார்த்தாள். "நல்ல பொண்ணு, கட்டிக்கலாம்னுதானே? எனக்கும் சம்மதம், சட்டைக் காலரைச் சரி பண்ணுங்க" என்று முடித்துவிட்டாள். அவர் தலையாட்டினார். தலையாட்டல் மட்டும் அவருக்கு எல்லாரையும் போல வேகமாக வரும்.

அன்று தொடங்கிய ஏற்பாடு அது. வாக்கியத்தை அவர் ஆரம்பிப்பார், அவள் முடிப்பாள். கடையில் அவர் டேப்பைச் சுற்றி, "இடுப்பு…" என்பார். "கூடியிருக்கு, யார்கிட்டயும் சொல்ல மாட்டோம், தளர்த்தி வச்சிடறோம், வெள்ளிக்கிழமை வாங்க" என்று அவள் முடிப்பாள். அவளுக்கு இதில் ஒரே ஒரு உறுத்தல். அவர் நிஜமாகவே என்ன சொல்ல நினைத்தார் என்பது இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவளுக்கு முழுதாகத் தெரிந்ததில்லை. கேட்கலாம் என்றால், பதிலையும் அவளேதான் முடிக்க வேண்டியிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அறிவிப்புப் பலகையில் ஒரு வரைபடம் ஒட்டினார்கள். மேட்டுக்குப் பின்னால் இருக்கும் வெற்று நிலத்தில் அணுமின் நிலையம் கட்டலாமா, அல்லது அதற்குப் பதிலாகக் காற்றாலையும் சூரியத் தகடும் வைத்துச் சமாளிக்கலாமா என்று ஊரைக் கூட்டிக் கேட்கப் போகிறார்களாம். வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றிப் பாதுகாப்புக்காக ஒரு சிவப்பு வட்டம். மொத்த ஊரும் வட்டத்துக்கு வெளியே இருந்தது. பின்தெரு மட்டும் உள்ளே.

அளக்க வந்த இன்ஜினீயர் தன்மையான ஆள். வீடு வீடாக வந்து விளக்கினார்.

"பயப்படாதீங்கம்மா. நிலையம் வந்தா இந்தத் தெருவைக் காலி பண்ணணும், அவ்வளவுதான். வேற இடத்துல புது வீடு தருவோம். சுவரெல்லாம் கெட்டியா இருக்கும்."

"அதுதாங்க பயமா இருக்கு" என்றாள் எக்ஸ்பிரஸ். அவள் அடுப்படிச் சுவரில் ஒரு செங்கல் பெயர்ந்த ஓட்டை உண்டு. அதன் வழியாகப் பக்கத்து வீட்டு அக்கா தீப்பெட்டி தருவாள், பாதி நறுக்கிய வெங்காயம் தருவாள், யார் யாரோடு பேசுவதில்லை என்ற தகவலும் தருவாள். கெட்டிச் சுவரை வைத்துக்கொண்டு மனுஷி எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஊர் இரண்டாகப் பிளந்தது. நிலையம் வேண்டும் என்பவர்களுக்கு ஐஸ் ஃபாக்டரிக்காரர் தலைவர். காற்றும் வெயிலும் போதும் என்பவர்களுக்குக் கணக்கு டீச்சர் தலைவி. இருவரும் கூடப்பிறந்த அண்ணன் தங்கை என்பதால் சண்டையில் எந்த மரியாதையும் மிச்சமில்லை.

"கரண்ட் போய்ப் போய் வந்தா என் ஐஸ் என்னத்துக்கு ஆகும்? நான் விக்கிறது ஐஸா, குளிர்ந்த தண்ணியா? எனக்கு நிக்காத கரண்ட் வேணும்."

"அந்தக் கழிவை எங்க கொண்டுபோய் வைப்பே? உன் ஐஸ் பெட்டியிலயா?"

"காத்து நின்னா என்ன பண்ணுவே? நீ பேசினா அந்தக் காத்துலயே காத்தாலை சுத்திடும்னு பாக்கிறியா?"

"உன்னை மாதிரி ஆள் பெருமூச்சு விட்டாலே சுத்தும் அண்ணா."

ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் நிதானம், "நான்…" என்றார்.

"படுக்கப் போறீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். "நானே…"

"நீங்களே பாத்திரம் கழுவுறீங்களா?"

அதற்கும் தலை வேகமாக ஆடியது. அவள் பாத்திரத்தைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, ஓட்டை வழியாக அக்காவிடம் இரண்டு குடும்பத்துக் கதையைப் பேசிவிட்டு வந்தபோது, "…கூட்டத்துல பேசறேன்" என்று முடித்தார்.

எக்ஸ்பிரஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது என்பது விதி. மூன்று நிமிடத்தில் அவர் தொண்டையைச் செருமி முடிப்பதே சந்தேகம். தெருவைக் காப்பாற்றச் சொல்லி எப்போது கேட்பார்?

"என்னைப் பேச விடுங்க. மூணு நிமிஷம் கொடுத்தா மூணு தெருவைக் காப்பாத்திக் காட்டறேன்."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். இவ்வளவு வேகமாக அவர் தலையாட்டி அவள் பார்த்ததே இல்லை.

கூட்டம் ஊர் மண்டபத்தில் நடந்தது. தகரக் கூரை, மடக்கு நாற்காலிகள், பச்சைத் துணி விரித்த நீள மேசை. மேசையின் நடுவில், கருத்துக் கேட்க வந்த குழுவின் தலைவர் அம்மா, கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தார். அவருக்கு ஒரு பக்கம் இன்ஜினீயர், மறுபக்கம் மணி அடிக்கும் குமாஸ்தா. குமாஸ்தா மணியை மடியிலேயே வைத்திருந்தார். அந்த வேலைக்குப் பழகிவிட்டவர், தும்மினால்கூட நேரம் பார்த்துத் தும்முவார்.

முதலில் ஐஸ் ஃபாக்டரிக்காரரைக் கூப்பிட்டார்கள். கட்டுக் காகிதத்தோடு மைக் முன்னால் வந்து நின்றார். முதல் வரிசையைப் பார்த்தார். அங்கே நிதானம் புதுச் சட்டை போட்டு, முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எக்ஸ்பிரஸ், வாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். ஐஸ்காரர் காகிதக் கட்டை மடித்து இடுப்பில் செருகினார்.

"அம்மா, என் மூணு நிமிஷத்தை நிதானத்துக்குக் கொடுத்துடறேன்."

"அப்படியெல்லாம் கொடுக்க முடியுமா?"

குமாஸ்தா விதிகளைப் புரட்டிப் பார்த்தார். ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது என்றுதான் இருந்தது. நேரத்தைக் கொடுக்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

"ஏன் கொடுக்கறீங்க?" என்றார் தலைவர் அம்மா.

"தொழில் படுத்துப்போன வருஷம் பேன்ட் தைக்கிற சாக்குல அவர் கடையில போய் உக்காந்து அழுதேங்க. நான் அழுது முடிக்கிற வரைக்கும் அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசலை."

"அவரால எப்படிப் பேச முடியும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபம் சிரித்தது. நிதானமும் சிரித்தார், கொஞ்சம் கழித்து.

"எப்படியோ, பேசலை. வீட்டுல பேசினாங்க, வெளியில பேசினாங்க, என் தங்கச்சி இருக்காளே, அவ எழுதி வச்சுப் பேசினா. இவர் ஒருத்தர்தான் என்னை முடிக்க விட்டார். அந்த நேரத்தை இப்பத் திருப்பிக் கொடுக்கறேன், அவ்வளவுதான்."

அடுத்தது கணக்கு டீச்சர். "அண்ணன் கொடுத்து நான் கொடுக்கலைன்னா நல்லாவா இருக்கும்? நான் எழுதிட்டு வந்ததை வாசிச்சா இங்க இருக்கிற எல்லாரும் மனசு மாறிடுவீங்க. போகட்டும். எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு நான் சொன்னப்ப ஊரே ஏன் ஏன்னு கேட்டுச்சு. ஏன்னு கேக்காத ஒரே ஆள் இவர்தான். என் நேரமும் இவருக்குத்தான்."

"கேக்க ஆரம்பிச்சிருப்பார் டீச்சர், நீங்க அதுக்குள்ள கிளம்பியிருப்பீங்க!" என்றது பின்னாலிருந்த அதே குரல்.

பெயின்டர் கொடுத்தார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தாள். நிலையம் வேண்டும் என்றவர்கள் கொடுத்தார்கள், வேண்டாம் என்றவர்கள் கொடுத்தார்கள், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் நிழலுக்கு ஒதுங்கியவர்கள் கொடுத்தார்கள். எல்லாருமே எப்போதோ ஒருநாள் கை தூக்கி அளவு கொடுத்துக்கொண்டே அந்தக் கடையில் மனசைக் கொட்டிவிட்டுப் போனவர்கள். குமாஸ்தா கரும்பலகையில் நிமிடங்களைக் கூட்டி எழுதினார். பலகை நிறைந்து சுவருக்கு வந்தது. சுவர் நிறைந்ததும் வாசல் கதவில் எழுதினார். கதவும் தீர்ந்தபோது வெளியே நின்றிருந்த ஒரு வேனின் பக்கவாட்டில் எழுதினார். வேன்காரர் அதை இன்னும் அழிக்கவில்லை.

கடைசியில் எக்ஸ்பிரஸைக் கேட்டார்கள். "நீங்க?"

"நான் வச்சிருக்கேன்" என்றாள். அவர் நடுவில் சிக்கிக்கொண்டால் ஓடிப்போய் முடிப்பதற்கு அவளிடம் மூன்று நிமிடமாவது கைவசம் வேண்டாமா?

நிதானம் மைக் முன்னால் போய் நின்றார். எல்லாரையும் ஒருமுறை பார்த்தார்.

"இங்க…" என்றார்.

மண்டபம் காத்திருந்தது. இன்ஜினீயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துப் பார்த்தார். பிறகு கழற்றிப் பையில் போட்டுவிட்டார். முன்வரிசையில் ஒரு குழந்தை பல் முளைக்காமல் உட்கார்ந்திருந்தது. அடுத்த சொல் வருவதற்குள் ஒரு பல் எட்டிப்பார்த்தது. எக்ஸ்பிரஸின் நாக்கு நுனியில் அந்த வாக்கியத்துக்குப் பலவிதமான முடிவுகள் வரிசையில் நின்று ஒன்றையொன்று தள்ளின. அவள் கைக்குட்டையைக் கடித்தாள்.

"…வந்து…"

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது.

தலைவர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கூரை மேல யாரு?"

"யாருமில்லைங்க. காத்து" என்றார் பெயின்டர்.

"இன்னிக்கு ரொம்ப அடிக்குதோ?"

"இன்னிக்குக் கம்மிங்க."

ஊர்க்காரர்களே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூரை எப்போதும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மண்டபத்தில் எப்போதும் யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள், அதனால் யாருக்கும் கேட்டதில்லை.

தலைவர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்ஜினீயர் பக்கம் திரும்பினார். "இந்த ஊர்ல காத்து போதாதுன்னு எழுதியிருக்கீங்களே?"

"அளந்து பாத்துதாம்மா எழுதினோம்."

"எங்க அளந்தீங்க?"

இன்ஜினீயர் தரையைக் காட்டினார். "இதே மண்டபத்துலதான். கதவைச் சாத்திட்டு."

"கதவை ஏன் சாத்தினீங்க?"

"வெளியில வச்சா கருவி பறந்து போயிடுதும்மா."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதிலேயே விழுந்தது. முகம் சிவந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நல்ல மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் நேரத்தையும் அவர் கணக்குல சேத்துக்குங்க. இன்னும் கொஞ்சம் இப்படியே உக்காந்திருந்தா இன்னும் என்னென்ன காதுல விழுமோ" என்றார்.

"…எனக்காக…" என்றார் நிதானம்.

அடுத்த இடைவெளியில் ஐஸ்காரர் தங்கைக்குப் பக்கத்து நாற்காலிக்கு மாறினார். சத்தம் போட முடியாததால் இருவரும் கிசுகிசுத்தார்கள். அவர்கள் அப்படிப் பேசிக்கொண்டது சின்ன வயசில் மிட்டாய் திருடிய காலத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"சரி, காத்து இருக்கு. ஒத்துக்கறேன். நிக்குற அன்னிக்கு?"

"உன் ஐஸ்தான் இருக்கே."

"ஐஸுக்கு என்ன?"

"காத்தும் வெயிலும் நிறைய இருக்கிறப்ப நிறைய ஐஸ் போட்டு அடுக்கி வை. நிக்குறப்ப அந்த ஐஸே குளிர்ச்சியைப் பிடிச்சு வச்சிருக்கும், உன் மெஷின் ஓய்வெடுக்கட்டும். நீ கரண்டைத்தான் கட்டி கட்டியா உறைய வச்சு அடுக்கிட்டிருக்கே."

ஐஸ்காரர் வாயைப் பிளந்தார். "இதை ஏன்டி முன்னாடியே சொல்லலை?"

"எங்க பேச விட்டே?"

அவர் யோசித்துப் பார்த்தார். விட்டதில்லைதான். "தாங்க்ஸ்டி" என்றார். டீச்சருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. கூரையைப் பார்ப்பது மாதிரி மேலே பார்த்துக்கொண்டாள்.

"…பொறுமையா… உக்காந்திருக்கிற…"

கதவு நிமிடங்கள் தீர்ந்தன. வேன் நிமிடங்களும் கரைந்துகொண்டே வந்தன. எக்ஸ்பிரஸ் நாற்காலி நுனிக்கு வந்தாள். இனிமேல் விஷயத்துக்கு வந்துவிடுவார். 'எங்க தெருவை விட்டுடுங்க' என்று கேட்டுவிடுவார். கைக்குட்டை சல்லடையாகிவிட்டது.

"…எல்லாருக்கும்…"

குமாஸ்தா மணியைக் கையில் எடுத்தார்.

"…நன்றி" என்றார் நிதானம். மணி அடித்தது.

எக்ஸ்பிரஸ் வாயிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். நன்றியிலேயே எல்லாம் தீர்ந்துவிட்டது. தெரு என்ற சொல்லே வரவில்லை. மண்டபம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. மிச்சமிருந்தது அவளுடைய மூன்று நிமிடம் மட்டுமே.

எழுந்து போனாள். சிவப்பு வட்டத்தைப் பற்றி, தெருவைப் பற்றி, காலை வெயில் மிஷின் மேல் விழும் ஜன்னலைப் பற்றி, எல்லாம் வாயில் தயாராக இருந்தது. மைக்கைப் பிடித்தாள். பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை. கனமான மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, அதை உச்சியில் இறக்கி வைத்துவிட்டு நிற்கும் ஆளின் முகம். ஒரு வாக்கியத்தைத் தானே தொடங்கித் தானே முடித்த மனிதரின் முகம். கல்யாணமானதிலிருந்து அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

"அவர் சொல்லி முடிச்சுட்டார்" என்றாள். "அதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. நீங்க எல்லாரும் அவருக்குக் கொடுத்ததுக்கு… நானும் நன்றி சொல்லிக்கறேன்."

நடுவில் ஓர் இடைவெளி வந்தது. எக்ஸ்பிரஸ் பேச்சில் ஊர் கேட்ட முதல் இடைவெளி. பக்கத்து வீட்டு அக்கா மயங்கி விழப் பார்த்தாள். இருவர் தாங்கிப் பிடித்தார்கள். மணி அடிக்க வேலையில்லாமல் குமாஸ்தா அதைத் திரும்ப மடியில் வைத்தார்.

தலைவர் அம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "நிலையம் வேணும்னு யாரும் இங்க பேசலை. வேண்டாம்னும் பேசலை. நான் கேட்டது ரெண்டு. ஒண்ணு நன்றி, இன்னொண்ணு காத்து. காத்தை வெளியில வச்சு ஒழுங்கா அளந்துட்டு வாங்க. அதுவரைக்கும் அந்தச் சிவப்பு வட்டத்தை எடுத்துடுங்க." கண்ணாடியைக் கழற்றினார். "நான் எத்தனையோ ஊர்ல உக்காந்து கருத்துக் கேட்டிருக்கேன். உண்மையிலேயே கேட்டது இன்னிக்குத்தான். உங்களுக்கு என் நன்றி."

ஐஸ் ஃபாக்டரிச் சங்கிலியால் கருவியைக் கட்டிப்போட்டு அளந்தார்கள். காற்று முள்ளைச் சுழற்றிய வேகத்தில் முள் தேய்ந்துபோய்ப் புதுசு போட வேண்டியதாயிற்று. மேட்டில் காற்றாலைகள் வந்தன. மண்டபத்துக் கூரையிலும் ஐஸ் ஃபாக்டரிக் கூரையிலும் சூரியத் தகடுகள் வந்தன. தகரம் தடதடப்பதும் நின்றது. அணுமின் நிலையத் திட்டத்தை இன்ஜினீயரே கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்தெரு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தெருவே திரண்டு நன்றி சொல்லத் தையல் கடைக்கு வந்தது. ஐஸ்காரர் வந்தார், டீச்சர் வந்தாள், பெயின்டர் வழக்கம் போல அழுதார். நிதானம் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, "பரவா…" என்றார்.

எக்ஸ்பிரஸ் கத்தரிக்கோலும் கையுமாக வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு தகவல் பாக்கி. அந்த ஊரில் அப்படி ஒரு கூட்டம் நடக்கவே இல்லை. கருத்துகளைத் தபாலில் மட்டும்தான் அனுப்பச் சொன்னார்கள். கூடுதலாக விழுந்த கமா அந்தக் கூட்டம்தான்.